கோத்தா திங்கிக்கு இந்த ஞாயிறா அடுத்த சனியா: வார வானிலைய வச்சு எப்படி முடிவு பண்றது

நாளைக்கு பொங்கல், ஞாயித்துக்கிழமை தை அமாவாசை, அப்பாவக் கூட்டிட்டு மலேசியாவுல, ஜொகூர் மாநிலத்துல கோத்தா திங்கியில இருக்குற அத்தை வீட்டுக்குப் போகணும். எப்போ போறதுன்னு திங்கக்கிழமைலேர்ந்து வீட்ல இதே பேச்சுதான். நாங்க இருக்குறது சிங்கப்பூர், உட்லண்ட்ஸ்ல பாலம் தாண்டி ஜேபி, அதாவது ஜொகூர் பாரு, அப்புறம் உலு திராம் வழியா பழைய ரோட்டப் புடிச்சா, ஜாம் இல்லாத நாள்ல ஒரு மணி நேரம் கொஞ்சம் கூட ஆகும், அவ்ளோதான். ஆனா இது ஜனவரி. அது ஆத்தங்கரை ஊரு. ஜொகூர் ஆறு ஊர ஒட்டியே வளைஞ்சு போகுது, வடகிழக்குப் பருவமழை நேரத்துல ஆறு எப்போ ரோட்டுக்கு ஏறும்னு பாத்துக்கிட்டேதான் அங்க இருக்குறவங்க கடை தொறக்குறதும் புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புறதும்.

எங்களுக்கு இன்னொரு கட்டும் இருக்கு. அப்பாவுக்கு டயாலிசிஸ், செவ்வாய் வியாழன் சனி. காலையில 7 மணிக்கு படுத்தா 11 மணிக்குத்தான் எந்திரிப்பாரு, பொங்கல் அன்னிக்கும் அதேதான். ஒரு தடவை தவறிப்போச்சுன்னா கால் வீங்கிடும், மூச்சு வாங்கும், முன்னாடி ஒருமுறை அப்படி ஆகி ஆஸ்பத்திரில ரெண்டு ராத்திரி இருந்துட்டு வந்தோம், அதனால சனிக்கிழமை 11 மணிக்கு மேல கெளம்பி எப்படியும் திங்கக்கிழமை ராத்திரிக்குள்ள வீடு வந்து சேந்தாகணும், ரோடு மூடிட்டாங்க பாலத்துல தண்ணின்னு அங்க மாட்டிக்கிட்டா எங்களுக்கு அது சும்மா ஒரு நாள் லீவு போற விஷயம் இல்ல.

கையில மூணு வழி. சனிக்கிழமை மத்தியானம் கெளம்பி ராத்திரி அங்கயே தங்கி ஞாயிறு சாயங்காலம் திரும்புறது. இல்லன்னா ஞாயிறு விடியக்காலை போய் அமாவாசை படையல் முடிச்சு சாப்ட்டு அன்னிக்கே திரும்புறது. இல்லன்னா மொத்தமா அடுத்த சனிக்கு தள்ளிப்போடுறது. அத்தைய இங்க வரச்சொல்லலாமான்னும் கேட்டோம், முட்டி வலியோட கஸ்டம்ஸ் வரிசையில நிக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க, அந்தப் பேச்ச அதோட விட்டாச்சு.

சரி, இந்த மூணுல எதுன்னு முடிவு பண்ண வார வானிலைதான பாக்கணும். எதுல பாக்குறது? இங்கதான் நெறைய பேரு தடுமாறுறோம்னு நெனைக்கிறேன்.

மொதல்ல போன் ஆப். என் மகன் திங்கக்கிழமை ராத்திரியே போன நீட்டிட்டான். "ம்மா பாருங்க, வியாழன் வெள்ளி கருமேகம், சனி தூறல், ஞாயிறு சூரியன் போட்டிருக்கு, ஞாயித்துக்கிழமை போலாம்"னு. எனக்கும் அதப் பாத்ததும் மனசு லேசாச்சு, உண்மைதான். ஆனா அந்த சூரியன் படம் எங்கேர்ந்து வருதுன்னு யோசிக்கணும். போன் ஆப் பெரும்பாலும் உலகம் முழுசுக்கும் ஓடுற கம்ப்யூட்டர் மாடல வச்சுத்தான் சொல்லுது, ஐரோப்பாக்காரங்க மாடல் சுமார் 9 கிலோமீட்டருக்கு ஒரு கட்டம், அமெரிக்கா மாடல் 13 கிலோமீட்டருக்கு ஒரு கட்டம். நம்ம பக்கத்து இடிமழை எப்படின்னு தெரியும்ல, சிங்கப்பூர்லயே தேக்காவுல கொட்டும்போது பக்கத்துல தோ பாயோவுல துணி காயும். அந்த மழைய இவ்ளோ பெரிய கட்டத்துல புடிக்கிறது கஷ்டம். அப்புறம் அந்த சதவீதம். 70 சதவீதம்னா பலத்த மழைன்னு அர்த்தமில்ல, நாள் பூரா பெய்யும்னும் அர்த்தமில்ல, அந்த நேரத்துக்குள்ள அந்த எடத்துல மழை விழ பத்துக்கு ஏழு வாய்ப்பு இருக்குன்னு மட்டும்தான் சொல்லுது, பத்து நிமிஷத் தூறலும் அதுல அடக்கம் மூணு நாள் விடாத மழையும் அதுல அடக்கம்.

ஆனா ஆப்ப மொத்தமா ஒதுக்கவும் மாட்டேன், ஏன்னா ஜனவரி மழை ஏப்ரல் மழை மாதிரி இல்ல. ஏப்ரல்ல வர்றது மத்தியானச் சூட்டுல பொங்கி வர்ற இடிமழை, அத ரெண்டு நாள் முன்னாடி சொல்றதே பெரிய விஷயம். ஜனவரில வர்றது மான்சூன் சர்ஜ். வடக்க சீனா, சைபீரியா பக்கம் குளிர் அழுத்தம் பலமானா அங்கேர்ந்து காத்து தென்சீனக் கடல் மேல வேகமா எறங்கும், வர்ற வழியெல்லாம் ஈரத்த அள்ளிக்கிட்டு வந்து ஜொகூர் கிழக்குப் பக்கமும் நம்ம தலைமேலயும் ரெண்டு மூணு நாளைக்கு விடாம இறக்கும். அது நூத்துக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு வர்ற மழை, அதனால மாடல்கள் அத சில நாள் முன்னாடியே ஓரளவு புடிச்சுடும். 2025 ஜனவரி 10, 11 தேதில பெஞ்சது அந்த மாதிரிதான், சாங்கியில ரெண்டு நாள்ல 255.2 மில்லிமீட்டர், ஜனவரி மாசம் முழுசுக்கும் சராசரியே 222.4தான். பொங்கலுக்கு மூணு நாலு நாள் முன்னாடி அது. அதனால ஜனவரில ஆப்ல ரெண்டு நாள் சேந்தாப்ல கருமேகம் காட்டுனா அத நம்புங்க. அதுக்கு அடுத்த நாள் சூரியன் காட்டுறத மட்டும் ஆத்தங்கரை ஊருக்கு நம்பாதீங்க, ஏன்னு சொல்றேன்.

அதுக்கு முன்னாடி நம்ம சிங்கப்பூர் வானிலை ஆய்வகம். மாசத்துக்கு ரெண்டு தடவை ரெண்டு வாரக் கணிப்பு குடுக்குறாங்க, சர்ஜ் வர வாய்ப்பிருக்கா, வழக்கத்தவிட மழை கூடவா கொறைவான்னு. நாலு நாள் கணிப்பும் இருக்கு. நிதானமா எழுதுறாங்க, நான் தவறாம படிப்பேன், ஆனா அது சிங்கப்பூருக்கு. கோத்தா திங்கிக்கு பெரிய படம் புரிஞ்சுக்க உதவும், எந்த நாள் போறதுங்கறதுக்கு உதவாது. அவங்க மழை ரேடார் மட்டும் கெளம்புற அன்னிக்கு காலையில ரொம்பப் பிரயோஜனம், பெரிய வட்டத்துல ஜொகூர் தெக்குப் பக்கம் முழுசும் தெரியும்.

மலேசிய வானிலைத் துறை குடுக்குற ஏழு நாள் கணிப்பு இதவிட நமக்கு நேரடியா பொருந்தும், ஊர் வாரியா, மாவட்டம் வாரியா, காலை மத்தியானம் ராத்திரின்னு பிரிச்சு சொல்றாங்க, கோத்தா திங்கின்னு தனியாவே தேடலாம். ஆனா அதுல வர்ற "ரிபுட் பெதிர்", அதாவது இடியோட மழை, ஜனவரில பாதி நாளைக்கு போட்டுருப்பாங்க, அத வச்சு பயந்தா போகவே முடியாது. பாக்க வேண்டியது எச்சரிக்கை. விடாமழை எச்சரிக்கைக்கு மூணு நிறம், மலாய்ல பேரு இருக்கும், மஞ்சள் "வஸ்பாடா" (உஷார்), ஆரஞ்சு "புரூக்" (மோசம்), செவப்பு "பஹாயா" (ஆபத்து). மெர்சிங் கோத்தா திங்கி ரெண்டும் கிழக்குக் கரை மாவட்டம்ங்கறதால அடிக்கடி சேந்தே வரும். மஞ்சள் வந்தாலே நான் அப்பாவக் கூட்டிட்டு கெளம்ப மாட்டேன். தனியா போறவங்க, அன்னிக்கே திரும்புறவங்க ஆரஞ்சு வரைக்கும் காத்திருப்பேன்னா அது அவங்க தைரியம், ஆனா மஞ்சள் ராத்திரில செவப்பாகும், அப்போ நீங்க அங்க தூங்கிட்டு இருப்பீங்க.

இது வரைக்கும் சொன்னதெல்லாம் வானத்தப் பத்தி. அத்தை இத ஒரு வரில ஒதுக்கிட்டாங்க. மகன் சூரியன் படத்தப் பத்தி போன்ல சொன்னப்ப, "ஏம்ப்பா, எங்க ஊர்ல பேஞ்சா எங்களுக்கு ஒன்னுமில்ல, வாய்க்கால்ல ஓடிரும். மேல பேஞ்சாத்தான் எங்களுக்கு வெள்ளம், அதுவும் அன்னிக்கு வராது, மறுநாள் வெயிலடிக்கும்போது வரும்"னாங்க.

இதுதான் விஷயம். ஜொகூர் ஆத்துக்கு தண்ணி வர்ற பரப்பு சுமார் 2,600 சதுர கிலோமீட்டர், சிங்கப்பூர் மாதிரி மூணு மடங்குக்கு மேல. வடக்க சாயோங் ஆறு, லிங்கியூ ஆறுன்னு தோட்டமும் காடுமா இருக்குற எடத்துல பெய்யுற மழை சேந்து, ரந்தாவ் பாஞ்சாங் தாண்டி, கோத்தா திங்கி ஊருக்கு வந்து சேர நேரம் ஆகும். அத்தை கணக்குல ஒரு நாள், சில சமயம் ஒன்றரை நாள். அதாவது வியாழன் வெள்ளி கருமேகம்னா ஊர்ல ஆறு ஒசர்றது சனி ராத்திரியோ ஞாயிறு காலையோ. ஆப்ல சூரியன் சிரிக்கிற அதே நேரம். என் மகன் காட்டுன ஏழு படத்துலயே ரொம்ப ஆபத்தானது அந்த மஞ்சள் சூரியன்தான்னு அப்போதான் எனக்கு ஒறச்சுது.

அதனால ஆத்தப் பாக்கணும். மலேசிய வடிகால் நீர்ப்பாசனத் துறை ஒவ்வொரு ஆத்துக்கும் நீர்மட்டத்த பொதுமக்கள் பாக்குற மாதிரி இணையத்துல போடுறாங்க, ஜொகூர் மாநிலம், கோத்தா திங்கி மாவட்டம்னு போனா தண்ணி அளக்குற ஸ்டேஷன் ஸ்டேஷனா வரும். இங்கயும் நிறம்தான், பச்சை சாதாரணம், மஞ்சள் "வஸ்பாடா", ஆரஞ்சு "அமாரான்" (எச்சரிக்கை), செவப்பு "பஹாயா". மழை எச்சரிக்கைலயும் இதே வஸ்பாடா வருது, இதுலயும் வருது, ரெண்டையும் போட்டு கொழப்பிக்காதீங்க, ஒன்னு மேகத்துக்கு ஒன்னு தண்ணிக்கு. நிறத்தவிட நான் பாக்குறது கிராஃப். கோடு படுத்திருக்கா, நிமிருதா? பச்சைல இருந்தாலும் கோடு நேத்துலேர்ந்து நிமிந்துட்டே வந்தா அது வேற சேதி. ஊர் ஸ்டேஷன மட்டும் பாக்காம மேல் ஸ்டேஷனையும் தொறந்து பாருங்க, மேல நிமிர ஆரம்பிச்சா கீழ நாளைக்கு நிமிரும். இந்த ஒரு பழக்கம் இருந்தாலே போதும், பாதி வானிலை ஆப்ப அழிச்சுடலாம்.

அப்புறம் நெலா. சிரிக்காதீங்க, சத்தியமா நாள்காட்டில அமாவாசை பௌர்ணமி பாக்காம அந்த ஊருக்கு தேதி குறிக்கக் கூடாது. கோத்தா திங்கி கடலோரம் இல்லன்னாலும் கடல் ஏத்தம் ஆத்துக்குள்ள நெறைய தூரம் வரும். இது நம்ம வீட்டுக் கொழாயோடயும் சம்பந்தப்பட்டது. 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் இந்த ஆத்துலேர்ந்து ஒரு நாளைக்கு 250 மில்லியன் காலன் வரைக்கும் எடுத்துக்கலாம், 2061 வரைக்கும். மழை கொறைஞ்ச காலத்துல கடல் உப்புத்தண்ணி ஆத்துல மேல ஏறி வந்துடும், உப்பு ஏறுனா சுத்திகரிக்க எடுக்க முடியாது, அதனால மேல லிங்கியூ அணைலேர்ந்து தண்ணி தெறந்து விட்டு உப்ப கீழ தள்ளுவாங்க. 1995ல கட்டி முடிச்ச அணை, 2016 அக்டோபர்ல 20 சதவீதத்துக்கு எறங்குனப்ப இங்க எவ்ளோ கவலப்பட்டோம்னு ஞாபகம் இருக்கும். அவ்ளோ தூரம் கடல் ஏறுதுன்னா மழைக்காலத்துல என்ன ஆகும்? மேலேர்ந்து வெள்ளம் வர்ற நேரம் கீழேர்ந்து கடல் ஏத்தம் மோதுனா தண்ணி போறதுக்கு வழி இல்லாம ஊருக்குள்ள நிக்கும். அமாவாசை பௌர்ணமிய ஒட்டித்தான் ஏத்தம் ரொம்ப அதிகம், சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டுல நின்னு இழுக்குற நாளு. இந்த ஞாயிறு தை அமாவாசை.

அத்தை பயப்படுறதுக்கு காரணம் இருக்கு. 2006 டிசம்பர்ல ஒரு வெள்ளம், 2007 ஜனவரி பொங்கல ஒட்டி இன்னொன்னு, கோத்தா திங்கி ரெண்டுலயும் முழுகுச்சு, ரெண்டாவதுதான் பெருசு. மொத வெள்ளத்துல ஊறிப்போன மண்ணு அடுத்த மழைய குடிக்கல, அப்படியே ஆத்துல விட்டுருச்சு. மொத வெள்ளம் வடிஞ்சு, வீடு கழுவி, புது மெத்தை வாங்கிப் போட்டு மூணு வாரம்தான் ஆச்சுன்னு அத்தை இன்னும் சொல்லுவாங்க. அந்தப் பொங்கல் அவங்களுக்கு துயர் துடைப்பு மையத்துல, ஒரு ஸ்கூல் மண்டபத்துல, பானை இல்லாம பொட்டலச் சோத்தோட போச்சு. சமையக்கட்டு சுவத்துல தண்ணி நின்ன கோடு இருக்கு, என் தலைக்கு மேல ஒரு சாண். எத்தனை தடவை பெயிண்ட் அடிச்சாலும் அந்தக் கோட்ட மட்டும் மாமா விட்டுட்டு அடிப்பாரு, கரண்டு பிளக்க அதுக்கு மேலதான் வைக்கணும்னு.

இப்போ மூணு வழிக்கு வர்றேன்.

சனிக்கிழமை போய் தங்குறது எல்லாத்துலயும் மோசம். வசதி இதுலதான் அதிகம், அப்பா டயாலிசிஸ் முடிச்சு கார்லயே தூங்கிட்டு வரலாம், அண்ணன் தங்கச்சி ராத்திரி முழுக்க பேசலாம். ஆனா வெள்ளத் தண்ணி ஒசர வேண்டிய ராத்திரி அதுதான். இருட்டுல ரோட்டுல தண்ணி எவ்ளோன்னு தெரியாது, 74 வயசு மனுசன தூக்கிட்டு கார்ல ஏத்த முடியாது. வேணாம்.

ஞாயிறு போய் வர்றது உண்மையிலயே மனச இழுக்குது. விடியக்காலை 4 மணிக்கு எந்திரிச்சு ஆத்து கிராஃப், ரேடார் பாத்துட்டு சரியில்லன்னா அப்படியே படுத்துக்கலாம், பகல்லயே போய் பகல்லயே திரும்புறோம், தப்பா போனாலும் திங்கக்கிழமை ஒரு நாள் கையில இருக்கு. எல்லாத்துக்கும் மேல தை அமாவாசை, தாத்தா பாட்டிக்கு அண்ணனும் தங்கச்சியும் சேந்து ஒரே எலையில படைக்கணும்னு அப்பாவுக்கு ஆசை, வாய்விட்டு சொல்லல, ஆனா வேட்டிய தேச்சு கதவுல மாட்டிட்டாரு. வீட்ல முடியாதவங்க யாரும் இல்லாத குடும்பம்னா நான் இதத்தான் சொல்லுவேன், சனி ராத்திரி மேல் ஸ்டேஷன் கோடு படுத்திருந்தா போங்க, மத்தியானச் சாப்பாட்டோட கெளம்பிருங்க, ஞாயிறு சாயங்காலம் ஜேபி பக்கம் நிக்கிற வரிசை தெரியும்ல, சாயங்கால டீக்கு உக்காந்தீங்கன்னா ராத்திரி 11 ஆயிரும். எங்களுக்கு ஆனா மேல ரெண்டு நாள் மழை, கீழ அமாவாசை ஏத்தம், நடுவுல அப்பா. மூணும் ஒரே நாள்ல சேருது.

அடுத்த சனி? பத்து நாள் தள்ளி மழை எப்படின்னு எந்த ஆப்பும் எந்த ஆய்வகமும் நாள் குறிச்சு சொல்ல முடியாது, சொன்னா நம்பாதீங்க. சொல்ல முடிஞ்சது ஒன்னே ஒன்னு, கடல் ஏத்தம், அது நெலாக் கணக்கு, வருஷக் கணக்கா முன்னாடியே போட்டு வச்சது. அமாவாசை கழிஞ்சு ஆறாம் நாள் ஏழாம் நாள்னா ஏத்தம் எறங்கிருக்கும், மேலேர்ந்து தண்ணி வந்தாலும் கடலுக்குப் போக வழி இருக்கும். இந்த வார சர்ஜும் அதுக்குள்ள ஓஞ்சிரும், பெரும்பாலும் அது சில நாள் கூத்துதான். இன்னொரு சர்ஜ் வந்தா? வரலாம். மண்ணு ஏற்கனவே ஊறியிருக்கும்ங்கறதும் உண்மை, 2007 அதத்தான காட்டுச்சு. ஆனா அன்னிக்கு திதி இல்ல, படையல் இல்ல, மஞ்சள் எச்சரிக்கை வந்தா யாரும் மொகம் சுளிக்காம இன்னொரு வாரம் தள்ளலாம். எனக்கு இதுல புடிச்சதே அதான். இந்த ஞாயிறுல போகாம இருக்குறதுக்கு மனசு வலிக்குது, வலிக்குற நாள்லதான் நாம ரிஸ்க் எடுத்துடுறோம்.

அப்பாகிட்ட நேத்து ராத்திரி இத அப்படியே சொன்னேன், கிராஃபையும் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "எங்கம்மாவுக்கு எள்ளுந்தண்ணியும் எங்கேர்ந்து எறைச்சா என்ன, அவ வருவா. தங்கச்சிய மட்டும் போன்ல கூப்டு வை, ஒரே நேரத்துல படைக்கிறோம்"னாரு.

அதனால அடுத்த சனி. வெள்ளிக்கிழமை ராத்திரி பாக்கப்போறது மூணுதான், கோத்தா திங்கிக்கு விடாமழை மஞ்சள் இருக்கா, மேல் ஸ்டேஷன் கோடு ரெண்டு நாளா படுத்திருக்கா, அத்தை வீட்டு பின்னாடி படி எத்தனை தெரியுது. அவங்க கொல்லைலேர்ந்து வாய்க்காலுக்கு எறங்குற சிமெண்ட் படி பதினொன்னு, வாய்க்கா நேரா ஆத்துல போய் சேருது, ஆறு ஏறுனா வாய்க்காவும் ஏறும். தெனம் காலையில அத்தை கோலம் போட்டுட்டு போய் எண்ணிப் பாத்து வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாங்க, இருபது வருஷப் பழக்கம், முன்னாடி அக்கம்பக்கத்துக்கு சொல்லுவாங்க இப்போ குடும்ப குரூப்புக்கு.

நேத்து ஒம்போது படி தெரியுதுன்னாங்க. இன்னிக்கு காலையில எட்டு. அப்பா அதக் கேட்டுட்டு எந்திரிச்சு போய், காலண்டர்ல அடுத்த சனிக்கிழமைய பேனாவால வட்டம் போட்டுட்டு வந்தாரு.